ஹிரோஷிமா கார்ப் அணியின் வரலாற்றில் மாணவர்களுக்கு எவற்றைச் சொல்லலாம்?

வெள்ளவத்தை ஆசிரியர் எழுதியது:

அன்புடையீர், நான் கொழும்பிலுள்ள பாடசாலையொன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். எமது பேஸ்போல் அணி அடுத்த தவணையில் தியகமவில், ஜப்பானின் உதவியுடன் அமைக்கப்பட்ட மைதானத்தில் விளையாடவுள்ளது. அதற்கு முன்பாக ஜப்பானியத் தொழில்முறை அணியொன்றின் கதையை மாணவர்களுக்குச் சொல்ல விரும்பி, ஹிரோஷிமா டோயோ கார்ப் அணியைத் தெரிவு செய்திருக்கிறேன். கிண்ணங்களை எண்ணினால் யொமியுரி ஜயன்ட்ஸ் அணியின் அருகில்கூட இவ்வணி வர முடியாது. ஆயினும் ஒரு நகரம் முழுவதும் தன் அணியை இவ்வளவு காலம் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எந்தத் தருணங்களிலிருந்து தொடங்கலாம், எந்த வீரர்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். மாணவர்கள் கிரிக்கெட்டில் ஊறியவர்கள் என்பதையும் கருத்திற் கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர் பதில்:

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, 1951ஆம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள். அணுகுண்டு விழுந்து நான்கு ஆண்டுகள் கழிந்த நிலையில், 1949இன் இறுதியில் இவ்வணி உருவானது. மற்ற அணிகளுக்குப் பின்னால் பத்திரிகை நிறுவனங்களும் ரயில் நிறுவனங்களும் நின்றபோது, கார்ப் அணிக்கு அப்படியொரு பெருநிறுவனம் இருக்கவில்லை. 1950இல் கடைசி இடம்; அடுத்த ஆண்டே வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல், அணியைக் கலைப்பதா, வேறொன்றுடன் இணைப்பதா என்ற பேச்சு எழுந்தது. பயிற்றுநர் ஷுயிச்சி இஷிமோட்டோ அந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் நேரடியாக மக்களிடம் சென்று ஆதரவாளர் சங்கங்களை அமைக்கும்படி கேட்டார். மைதான வாசலில் மதுப் பீப்பாய் வைக்கப்பட்டது. இன்னும் தம் வீடுகளையே கட்டி முடிக்காத மக்கள் அதில் காசு போட்டார்கள். அணி பிழைத்தது.

பிழைத்தாலும் வெல்லவில்லை என்பதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள். 1974 வரையிலான இருபத்தைந்து பருவங்களில் ஒரேயொரு தடவை, 1968இல்தான், முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார்கள். 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கடைசி இடம். 1975இல் அமெரிக்கரான ஜோ லூட்ஸ் பயிற்றுநராக வந்து தொப்பியின் நிறத்தைச் சிவப்பாக மாற்றினார். நடுவருடன் ஏற்பட்ட பிணக்கினால் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே அவர் விலகிவிட, டகேஷி கோபா பொறுப்பேற்றார். அந்த ஆண்டே அணி, ஜப்பானின் இரு லீக்குகளில் ஒன்றான மத்திய லீக்கில் முதன்முறையாக வாகை சூடியது.

வீரர்களில் சச்சியோ கினுகாசாவை முதலில் வைப்பேன். 1970 முதல் 1987 வரை ஒரு போட்டியையும் தவறவிடாமல் 2,215 போட்டிகளில் விளையாடி, அமெரிக்காவின் லூ கெரிக் நிலைநாட்டிய 2,130 என்ற சாதனையைக் கடந்தவர். 504 ஹோம் ரன்கள் அடித்தவர். 1979 ஓகஸ்ட் 1ஆம் திகதி எதிரணியின் பந்து பட்டு அவரது தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் மாற்றுத் துடுப்பாட்ட வீரராக வந்து, மூன்று பந்துகளையும் முழு வீச்சில் அடிக்க முயன்று, மூன்றையும் தவறவிட்டு ஆட்டமிழந்தார். முதல் வீச்சு இரசிகர்களுக்கு, இரண்டாவது தனக்கு, மூன்றாவது முதல்நாள் பந்தெறிந்த நிஷிமோட்டோவுக்கு என்று பிறகு சொன்னார். தன்னைக் காயப்படுத்தியவர் மனம் வருந்தக்கூடாது என்பது அவருடைய எண்ணம். 1996இல் கன்சாஸ் சிற்றியில் அமெரிக்க வீரர் கெல் ரிப்கன் இந்த 2,215 என்ற சாதனையைக் கடந்தபோது கினுகாசா நேரில் சென்று அதைப் பார்த்தார். இந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டுமே ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம்.

பம்பலப்பிட்டி வாசகி பதில்:

மேலே எழுதியவருடன் உடன்படுகிறேன். ஆனால் ஆட்டத்தின் நுணுக்கத்தைக் கற்பிக்க வேண்டுமானால் 1979 நவம்பர் 4ஆம் திகதியை விட்டுவிட முடியாது. இரு லீக்குகளின் வாகையர் மோதும் ஜப்பான் தொடரின் ஏழாவது, தீர்மானப் போட்டி. எதிரணி கின்டெட்சு. இறுதி இன்னிங்ஸில் கார்ப் 4–3 என முன்னிலையில் இருக்க, எனட்சு என்ற இடக்கைப் பந்தெறிவாளர் மூன்று தளங்களிலும் எதிரணி ஓட்டக்காரர்கள் நிற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார், ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. மாற்றுப் பந்தெறிவாளர்கள் ஓரத்தில் தயாராவதைக் கண்டு, தன்மீது நம்பிக்கை போய்விட்டதென எனட்சு மனம் கொதித்தார். அப்போது முதலாம் தளத்தில் நின்ற கினுகாசா அவரிடம் வந்து, தானும் அவ்வாறே உணர்வதாகக் கூறினார். அந்தச் சில சொற்கள் அவரை மீட்டன.

முதலாமவர் ஆட்டமிழந்தார். அடுத்து கின்டெட்சு ‘ஸ்குவீஸ்’ முயன்றது. எனட்சுவின் பந்து எட்டாத உயரத்தில் விலகிச் சென்றது, துடுப்பு படவில்லை, மூன்றாம் தளத்திலிருந்து ஓடிவந்தவர் நடுவழியில் அகப்பட்டார். பின்னர் அதே துடுப்பாட்ட வீரரும் ஆட்டமிழக்க, அந்த இன்னிங்ஸின் இருபத்தோராவது பந்துடன் கார்ப் முதன்முறையாக ஜப்பானின் சம்பியனானது.

வெள்ளவத்தை ஆசிரியர்:

மிக்க நன்றி சகோதரி. ஸ்குவீஸ் என்பதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? ஓட்டக்காரர் கிளம்பியது எனட்சுவுக்கு எப்படித் தெரிந்தது?

பம்பலப்பிட்டி வாசகி:

பந்தெறிவாளர் எறியத் தொடங்கும்போதே மூன்றாம் தளத்தில் இருப்பவர் ஓட்டம் பெறுவதற்காகத் துடுப்பாட்ட வீரர் நிற்கும் தளத்தை நோக்கி ஓடத் தொடங்குவார். துடுப்பாட்ட வீரர் பந்தை ஓங்கி அடிக்காமல் மெல்லத் தட்டிவிடுவார். பந்தில் துடுப்பு பட்டேயாக வேண்டும், படாவிட்டால் ஓடியவர் சிக்குவார். இடக்கையர் எறியும்போது முதுகு மூன்றாம் தளத்தை நோக்கியே இருக்கும். ஆகவே எனட்சு அந்த ஓட்டத்தை நேரே பார்த்திருக்க முடியாது. எதிரே, துடுப்பாட்ட வீரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க இருந்த கெச்சர் மிசுனுமா எழுந்து நின்றதைக் கண்டு, வளைபந்துக்குப் பிடித்திருந்த பிடியை மாற்றாமலேயே வெளியே எறிந்தார். அது தற்செயலாக வழுக்கிய பந்து என்று எதிரணியில் சிலர் கருதினார்கள். வேண்டுமென்றே எறிந்ததாகவே எனட்சு உறுதியாகக் கூறிவந்தார். நான் எனட்சுவின் பக்கம்தான். அவ்வளவு அனுபவமுள்ள ஒருவரின் கை அந்த நேரத்தில் சும்மா வழுக்கியிருக்காது.

தெஹிவளை இரசிகர் பதில்:

பழைய காலத்துடன் நிறுத்திவிடாதீர்கள் ஐயா. 1991க்குப் பின்னர் இருபத்தைந்து ஆண்டுகள் லீக் வெற்றியின்றி இவ்வணி காத்திருந்தது. பந்தெறிவாளர் ஹிரோகி குரோடாவின் கதை அந்தக் காலத்துக்குரியது. அவர் வேறு அணிக்குச் செல்லக்கூடுமென்ற நிலையில், 2006இல் இரசிகர்கள் பெரிய பதாகையொன்றை விரித்தார்கள். நீ கண்ணீர் விட்டால் அந்தக் கண்ணீராக நாங்கள் இருப்போம் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்கள். அவர் தங்கினார். பின்னர் அமெரிக்கா சென்று டொட்ஜர்ஸ், யாங்கீஸ் அணிகளில் 79 வெற்றிகள் பெற்று, அங்கே இன்னும் பெருந்தொகை கிடைக்கக்கூடியதாக இருந்தும் 2015இல் ஹிரோஷிமாவுக்குத் திரும்பினார். முன்னர் அணியை விட்டுச் சென்றிருந்த தகாஹிரோ அராயும் அதே ஆண்டு திரும்பினார். 2016 செப்டெம்பர் 10ஆம் திகதி டோக்கியோ டோமில் வாகை உறுதியான போட்டியில் முதற்பந்தெறிவாளராக இறங்கி வென்றவர் குரோடாவே. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கட்டித்தழுவி அழுதார்கள்.

உங்கள் பந்தெறிவாளர்களுக்கு ட்சுனேமி ட்சுடாவைப் பற்றியும் சொல்லுங்கள். இறுதி இன்னிங்ஸ்களில் வேகப்பந்தை மட்டுமே நம்பி எறிந்த அவர், மூளைக் கட்டியால் 1993இல் தமது 32ஆவது வயதில் காலமானார். அவருடைய நினைவுப் பலகை இப்போது கார்ப் அணியின் சொந்த மைதானமான மஸ்டா அரங்கில் இருக்கிறது. ஆடுகளத்துக்குப் போகுமுன் பந்தெறிவாளர்கள் அதைத் தொட்டுச் செல்வது வழக்கம்.

வெள்ளவத்தை ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. எல்லா மாணவர்களுக்கும் 1951, கினுகாசா, குரோடா ஆகியவற்றைச் சொல்வேன். எனட்சுவின் இருபத்தொரு பந்துகளை, சகோதரி விளக்கியவாறே பந்தெறிவாளர்களையும் கெச்சரையும் மைதானத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பந்தாகச் செய்து காட்டலாமென எண்ணுகிறேன். எமது அணியிலும் இடக்கைப் பந்தெறிவாளர் ஒருவர் இருக்கிறார்.