நிமிடத்துக்கு ஒரு முறை பொத்தானை அழுத்துவதுதான் ரயில் ஓட்டும் வேலையா?

கொள்ளிடத்தான்:
அரசு வேலைகளில் எது சுகமானது என்று தரவரிசை போட்ட காணொளி ஒன்று எல்லாக் குழுக்களிலும் சுற்றி வருகிறது. முதலிடத்தை ரயில் எஞ்சின் ஓட்டுபவருக்குக் கொடுத்துவிட்டு, "வழியைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும், நிமிடத்துக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தினால் சம்பளம் வந்துவிடும்" என்று அதில் பேசியவர் சொல்கிறார். சரக்கு வண்டியிலும் மெயில் வண்டியிலும் லோகோ பைலட்டாக ஓடி ஓய்வு பெற்றவன் நான். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சொல்லும் பொத்தான் விஜிலன்ஸ் கருவியுடையது. எஞ்சின் ஓடும்போது ஓட்டுபவர் 60 வினாடிகள், இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் நாட்சையோ பிரேக்கையோ ஹாரனையோ தொடாமல் இருந்தால் விளக்கு எரியும். இன்னும் சுமார் 8 வினாடிகள் கழித்து ஒலி எழும்பும். அதற்கும் அசையாவிட்டால் எஞ்சின் இழுப்பதை நிறுத்திவிட்டு அவசர பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். நெஞ்சு வலி வந்து சாய்ந்துவிட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரும் தப்ப வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. கையில் வேலை இருக்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடவே தேவை வராது, ஏனென்றால் நாட்சை மாற்றினாலே கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிடும்.

நேர்மைக்குரல்:
ஐயா, காணொளியில் சொன்னதை மறுக்க வந்து நீங்களே உறுதிப்படுத்திவிட்டீர்கள். பொத்தான் இருக்கிறது, 60 வினாடி என்பதும் சரி. விழித்திருக்கிறாரா என்று ஓர் இயந்திரம் ஓயாமல் சோதிக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த வேலையில் மனிதனுக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் பொருள். அறுவை செய்யும் மருத்துவரின் மேசையில் இப்படி ஒரு பொத்தான் இருக்கிறதா? தானியங்கிக் கட்டுப்பாட்டுத் துறையில் வேலை செய்பவன் நான். டெல்லி மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பர் முதல் ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டமும் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ரயில் தானே ஓடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கொள்ளிடத்தான்:
மெட்ரோ பாதையில் கேட் கிடையாது, மாடு வராது, குறுக்கே நடந்து போகும் மனிதர் கிடையாது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சி வரும் கார்டு லைனில் ஒரே ஓர் இரவு வந்து பாருங்கள்.

ஓடுவது வேலை என்று நினைக்கிறீர்கள். எங்களுக்கு நிற்பதுதான் வேலை. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் அவசர பிரேக்கைப் பிடித்தாலும், வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். எஞ்சின் முகப்பு விளக்கு காட்டும் தூரம் அதைவிட மிகக் குறைவு. அதாவது இரவில் எதிரே ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகு நிறுத்துவது என்பதே எங்களுக்கு இல்லை. அதனால்தான் நிலையத்துக்குள் விடும் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், அது என்ன காட்டுகிறது என்று முன்கூட்டியே சொல்லும் டிஸ்டன்ட் சிக்னல் வைத்திருக்கிறார்கள். பல வழித்தடங்களில் இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் இன்னொன்றும் உண்டு. இரட்டை மஞ்சளா, ஒற்றை மஞ்சளா என்று பார்த்து, லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கையை நீட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிவப்பைத் தாண்டினால் வேலையே போகலாம். இதில் எதையும் உங்கள் பொத்தான் செய்வதில்லை.

நேர்மைக்குரல்:
பொத்தான் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சிக்னலைப் படிப்பதும் பிரேக் பிடிப்பதும் இயந்திரத்துக்கு எளிய வேலைகள். சிவப்பைத் தாண்டப் போனால் தானாக பிரேக் பிடிக்கும் கவச் கருவி அதைத்தானே செய்கிறது? 2024 பிப்ரவரியில் கத்துவாவிலிருந்து ஒரு சரக்கு வண்டி ஓட்டுபவரே இல்லாமல் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பஞ்சாபில் போய் நின்றதை நாடே பார்த்தது. எஞ்சினில் ஒருவரும் இல்லாமல் 70 கிலோமீட்டர்!

கொள்ளிடத்தான்:
அதை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. கத்துவாவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக் முறைப்படி போடாமல் இறங்கிவிட்டார்கள். வண்டி சரிவில் உருண்டது. வழியில் இருந்த நிலையங்களையெல்லாம் கடந்து போய், தண்டவாளத்தில் மரக்கட்டைகளை வைத்த பிறகுதான் நின்றது. எதிரே ஒரு பயணிகள் வண்டி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை, 70 கிலோமீட்டர் ஓடியது என்று பெருமையாக எழுதுகிறீர்கள். கேபினில் ஆள் இல்லாவிட்டால் வண்டி என்ன ஆகும் என்பதற்கு அதுதான் சான்று.

நேர்மைக்குரல்:
அந்த 70 கிலோமீட்டரும் உங்கள் விஜிலன்ஸ் பொத்தான் என்ன செய்துகொண்டிருந்தது?

கொள்ளிடத்தான்:
நிறுத்தி வைத்த எஞ்சினில் அது வேலை செய்யாது. ஓடும் எஞ்சினுக்கான கருவி என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு வாருங்கள்.

தடம்எண்21:
பேருந்து ஓட்டுகிறேன். இருவரும் சண்டை போடுங்கள், ஆனால் சாலையில் ஓட்டுபவனை மறந்துவிட்டு ரயிலை மட்டும் பெரிய வேலை என்று பேசுவதை ஏற்க முடியாது. எங்களுக்குச் சிக்னல் ஒரு கிலோமீட்டர் முன்னால் வருவதில்லை. தாம்பரத்திலிருந்து கத்திப்பாரா வருவதற்குள் எத்தனை இருசக்கர வாகனங்கள் இடப்பக்கமாக நுழையும் என்று யாருக்காவது தெரியுமா? உங்களோடு கேபினில் உதவியாள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு நடத்துநர் பின்னால் சீட்டு கிழித்துக்கொண்டிருப்பார். போன மாத விவாதத்தில், நிறுத்தத்தில் நிறுத்தாமல் போவது பேருந்துக்காரர்களின் பழக்கம் என்று எழுதியவர் இதே கொள்ளிடத்தான்தான். உங்கள் வேலையைப் பற்றி ஒருவர் அறியாமல் பேசினால் வலிக்கிறது, எங்கள் வேலையைப் பற்றி நீங்கள் பேசும்போது மட்டும் வலிக்காதா?

கொள்ளிடத்தான்:
நிறுத்தத்தில் நின்று பார்த்த பயணியாக அதை எழுதினேன், அதில் மாற்றம் இல்லை. சாலை கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேக்கில் கால் வைத்தால் உங்கள் வண்டி நிற்கும். நிலக்கரி ஏற்றிய 58 வேகன்கள் ஏறக்குறைய 4,700 டன் எடை, 600 மீட்டருக்கு மேல் நீளம். மேடு பள்ளமான பாதையில் முன்பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது பின்பாதி ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிரேக்கைத் தவறாகப் பிடித்தால் வேகன்களை இணைக்கும் கப்ளிங் அறுந்து வண்டி இரண்டாகப் பிரிந்துவிடும். எந்த மேட்டில் எவ்வளவு நாட்ச், எந்த இறக்கத்தில் எப்போது பிரேக் என்பதைப் பாதை கற்றுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாதை தெரியும் என்று கையெழுத்துப் போடாதவரை அந்தப் பகுதியில் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள், சில மாதங்கள் போகாமல் இருந்தால் மறுபடியும் கற்க வேண்டும்.

தடம்எண்21:
பிரேக்கில் கால் வைத்தால் நிற்கும் என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! நிற்கும்போது உள்ளே நின்றுகொண்டு வரும் 60 பேர் என்ன ஆவார்கள் என்று யோசித்தீர்களா? உங்கள் நிலக்கரி விழுந்து கையை முறித்துக்கொள்ளாது.

குன்னூர்க்காரன்:
மேட்டுப்பாளையம் மலை ரயிலையும் பேச வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், நடுவில் பல்தண்டவாளம். ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முன்பெட்டியில் நிற்பவர் கொடியசைத்துச் சொல்வதை நம்பித்தான் அவர் வண்டியை நடத்துகிறார், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்கிறார். 1899 முதல் குன்னூருக்கு வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. தண்டவாளம் வழி பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர் அந்த வண்டியில் ஒரு முறை ஏற வேண்டும்.

நேர்மைக்குரல்:
அழகான தகவல். அதில் விஜிலன்ஸ் பொத்தான் இருக்கிறதா, இல்லையா?

குன்னூர்க்காரன்:
நான் சொன்னதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நேர்மைக்குரல்:
தொடர்பு இருக்கிறது. பேச்சு சமவெளி ரயிலைப் பற்றியது. மலை ரயில் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கைக் காட்டிப் பொத்தானை மறைக்கப் பார்க்கிறீர்கள்.

ரன்னிங்ரூம்வீடு:
என் கணவர் லோகோ பைலட். இங்கே எல்லோரும் டன் கணக்கும் மீட்டர் கணக்கும் பேசுகிறீர்கள். இரவு ஒன்றரை மணிக்கு அழைப்பு வரும், இரண்டு மணி நேரத்தில் அவர் வேலைக்கு வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று பொங்கலாக இருக்கலாம், குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். இதைச் சுகமான வேலை என்று சொல்பவர் ஒரு மாதம் அந்தப் பகல் தூக்கத்தைத் தூங்கிப் பார்க்க வேண்டும். நெடுங்காலமாக எஞ்சின்களைக் கழிப்பறை இல்லாமல்தான் கட்டினார்கள், அண்மை ஆண்டுகளில்தான் சிலவற்றில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெண்களும் இன்று லோகோ பைலட்டாக இருக்கிறார்கள், அவர்களுக்கு இது எப்படி இருக்கும்?

தண்டவாளத்தில் ஒருவர் வந்து நின்றுகொண்டு நகர மறுக்கும்போது, ஹாரனை அடித்து பிரேக்கைப் பிடித்துவிட்டு, நிற்காது என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு அதே வண்டியை மேலே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். என் கணவர் அப்படி ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் வாரத்துக்கு 46 மணி நேர ஓய்வு கேட்டுப் போராடியது இதற்காகத்தான்.

கொள்ளிடத்தான்:
சகோதரி, நீங்கள் சொன்னதில் கடைசி வாக்கியம் தவிர மற்ற எல்லாம் சரி. எங்கள் காலத்தில் தொடர்ந்து ஓடியிருக்கிறோம், ஓய்வு கேட்டு வண்டியை நிறுத்தியதில்லை. இப்போது வண்டி ஓட்டும் நேரத்துக்கு 9 மணி நேரம், வேலையில் சேரும் கையெழுத்திலிருந்து முடிக்கும் கையெழுத்துவரை 11 மணி நேரம் என்று வரம்பு இருக்கிறது; ஏ.சி. கேபினும் வந்துவிட்டது. வேலையின் பெருமையைச் சொல்ல வேண்டிய இடத்தில் கோரிக்கையைக் கலந்தால், இவர்கள் வேலை செய்யவே விரும்பவில்லை என்று அந்தக் காணொளிக்காரரே அடுத்து பேசுவார்.

ரன்னிங்ரூம்வீடு:
அண்ணா, தூங்காதவர் சிக்னலைப் படிப்பது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வழக்கமான 16 மணி நேர ஓய்வோடு 30 மணி நேர வார ஓய்வும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்பது சோம்பலா? தொடர்ந்து நான்கு இரவுகள் ஓடிவிட்டு வருபவரிடம் பெருமையைப் பேசி என்ன பயன்? உங்கள் தலைமுறை பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியதைக் காட்டித்தான் இன்றும் ஓட வைக்கிறார்கள்.

நேர்மைக்குரல்:
தூக்கம் வருகிறது என்று அவர்கள் வீட்டிலிருந்தே சொல்லிவிட்டார்கள். பொத்தான் எதற்காக என்று இப்போது எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

கொள்ளிடத்தான்:
அந்தச் சகோதரியின் வீட்டுத் துயரத்தை எடுத்து உங்கள் வாதத்துக்குத் தீனியாக்குகிறீர்கள், இதற்கு மேல் உங்களிடம் மரியாதை காட்ட எனக்கு மனமில்லை. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தபோது, வனத்துறையினர் விசாரணைக்கு யாரை அழைத்தார்கள்? லோகோ பைலட்டையும் உதவி லோகோ பைலட்டையும்தான். பொத்தானையா அழைத்தார்கள்? தவறு நடந்தால் கேபினில் இருப்பவன்தான் முழுப் பொறுப்பு, நடக்காதபோது அவனுக்கு வேலையே இல்லை என்கிறீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். மின்சாரப் பாதையில் ஒரு பகுதியின் மின்வழங்கலும் அடுத்ததும் சந்திக்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத சிறு துண்டு வரும், நியூட்ரல் செக்‌ஷன் என்போம். பலகை வந்ததும் எஞ்சினின் மின்தொடர்பைத் துண்டித்து, ஓடிய வேகத்திலேயே அதைக் கடந்து, மறுபடியும் போட வேண்டும். வேகம் போதாமல் அதற்குள் நின்றுவிட்டால் வண்டி நகராது, பின்னால் வரும் வண்டிகளும் நிற்கும். ஏற்றத்தில் சுமையோடு போகும்போது இதை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். உதவி லோகோ பைலட்டாகச் சேருபவருக்கு ஏழாவது ஊதியக்குழுவின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,900 ரூபாய். இதற்குத்தான் சுகமான வேலை என்று முதலிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நேர்மைக்குரல்:
ஓடும் தூரத்துக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் படியைச் சொல்லாமல் அடிப்படை ஊதியத்தை மட்டும் சொல்வது நேர்மை இல்லை. நியூட்ரல் செக்‌ஷனையும் இயந்திரமே செய்துவிடும். பொத்தானைப் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது.

தடம்எண்21:
என் கேள்வியும் அப்படியே இருக்கிறது. பேருந்துக்காரர்களைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுவீர்களா, மாட்டீர்களா?

கொள்ளிடத்தான்:
மாட்டேன். கிலோமீட்டர் படி ஓடினால்தான் வரும். வீட்டில் படுத்தால் வராது. சிவப்பு சிக்னலுக்கு முன்னால் 4,700 டன்னை ஒரு முறை நிறுத்திக் காட்டுங்கள், அதற்குப் பிறகு பொத்தானைப் பற்றிப் பேசலாம்.