எம்ஓஎஃப் (மெட்டல்-ஆர்கானிக் ஃப்ரேம்வொர்க்) நம்ம லேப்புக்கு ஆகுமா, இல்ல பேப்பர் போட மட்டும்தானா?

பிப்பெட்_மணி: 2025 கெமிஸ்ட்ரி நோபல் ராப்சன், கிடகாவா, யாகி மூணு பேருக்கும் குடுத்ததுல இருந்து எங்க பாத்தாலும் எம்ஓஎஃப் பேச்சுதான். உலோகத்த முடிச்சாவும் கரிம மூலக்கூற கம்பாவும் வெச்சு கட்டுன ஓட்டைக்கூடு, ஒரு கிராம்லயே ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு, எல்லாம் சரி, ஆனா என் பெஞ்ச்ல இன்னும் சாம்பிள் சுத்தம் பண்ற சி18 கார்ட்ரிட்ஜ்தான் கிடக்கு. தினசரி வேலைக்கு யாராச்சும் யூஸ் பண்றீங்களா?

ஜிசி_அக்கா: சைலீன் (பாரா, மெட்டா, ஆர்த்தோனு மூணு வகை இருக்குற கரைப்பான்) டெஸ்ட் பண்ணிருக்கீங்களா தம்பி? பாரா 138, மெட்டா 139 டிகிரில கொதிக்குது, சாதாரண ஜிசி காலம்ல (கேஸ் குரோமட்டோகிராஃபில பொருள பிரிக்கிற குழாய்) ரெண்டும் ஒட்டிக்கிட்டே வரும், அதான் ரிப்போர்ட்ல ரெண்டையும் சேத்தே எழுதி கையெழுத்து போடுறோம். 2010ல சீனாவுல நான்காய் யுனிவர்சிட்டி ஆளுங்க எம்ஐஎல்-101ங்கற குரோமியம் எம்ஓஎஃப கேபில்லரி காலமோட உள்சுவத்துல பூசி, மூணு சைலீனையும் எத்தில்பென்சீனையும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள பிரிச்சுட்டாங்க, டெம்பரேச்சர் ப்ரோக்ராம்கூட இல்லாம.

பிப்பெட்_மணி: அக்கா அது வாக்ஸ்ங்கற வழக்கமான ஜிசி காலம்லயே பிரியுதே, கொஞ்சம் லேட்டாகும் அவ்ளோதான். எம்ஓஎஃப்னா ஒவ்வொரு பேட்ச்சும் நாமளே சமைக்கணும், திங்கக்கிழமை வந்த ரெகவரி (சாம்பிள்ல இருந்து திரும்பக் கிடைக்குற அளவு) வியாழக்கிழமை வராது, ஆடிட்டருக்கு யாரு பதில் சொல்றது. இதுலயே எம்ஓஎஃப்-5ங்கற வகை காத்து ஈரத்துக்கே உடையுது, இசட்ஐஎஃப்-8 தண்ணில நிக்கும், ஆசிட்ல காலி.

புது_பிஎச்டி: யூஐஓ-66 பாருங்கண்ணா, ஆஸ்லோல 2008ல பண்ணது, சிர்கோனியம் எம்ஓஎஃப், தண்ணி ஆசிட் ரெண்டும் தாங்கும்.

பிப்பெட்_மணி: ஃபாஸ்பேட் பஃபர்ல போட்டு பாத்தியாப்பா? சிர்கோனியத்துக்கு கம்போட நுனில இருக்குற கார்பாக்சிலேட்ட விட ஃபாஸ்பேட் மேலதான் ஆசை ஜாஸ்தி, கம்ப உருவிப்போட்டு அதுகூட போயிடும்.

புது_பிஎச்டி: அந்த ஆசைய வெச்சுதாண்ணா எங்க பொழப்பே ஓடுது. புரோட்டீன வெட்டினா வர்றதுல ஃபாஸ்போபெப்டைடு (ஃபாஸ்பேட் ஒட்டின புரோட்டீன் துண்டு) ரொம்ப கம்மி, மூலக்கூறு எடை பாக்குற மாஸ் ஸ்பெக்ல மத்த பெப்டைடு கூட்டத்துல அமுங்கிடும். சிர்கோனியம் எம்ஓஎஃப் கொஞ்சூண்டு போட்டு குலுக்கினா ஃபாஸ்பேட் உள்ளதா பாத்து புடிச்சுக்கும், மிச்சத்த கழுவிடலாம், பெரிய புரோட்டீன் ஓட்டைக்குள்ளயே நுழையாது. சி18 இப்படி ஆள் பாத்து புடிக்குமா?

பிப்பெட்_மணி: புடிக்காதுதான். புடிச்சத எப்படி கழட்டுவ?

புது_பிஎச்டி: அமோனியா கரைசல்.

பிப்பெட்_மணி: அவ்ளோ காரத்துல கூடு என்னாகும்?

புது_பிஎச்டி: என்னானா என்ன, ஒரு தடவதானே. நீங்க கார்ட்ரிட்ஜ மறுபடி யூஸ் பண்றீங்களா?

ஜிசி_அக்கா: அத மட்டும் கேக்காத தம்பி, சில லேப்ல பண்றாங்க 😄