ஒகேனக்கல் பாறைக் குழிகளும் டெல்டா மண்ணும்

அருவி, வெள்ளம் என்று எல்லோரும் எழுதியாச்சு, நான் பார்த்தது தண்ணீர் குறைந்த காவிரியை. கோடையில் ஒகேனக்கல் போனபோது பாதி ஆறு பாறையாகத்தான் கிடந்தது. பரிசலை ஓரமாக ஒதுக்கச் சொல்லி இறங்கி நடந்தால், பாறை நெடுக வட்ட வட்டமாகக் குழிகள், சிலது உள்ளங்கை அகலம், சிலதில் ஆளே இறங்கி நிற்கலாம். ஒன்றுக்குள் கையை விட்டுத் தடவினேன். சுவர் வழவழவென்று இருந்தது, அடியில் கொஞ்சம் மணலும் உருண்டைக் கற்களும். "அந்தக் கல்லுதாங்க தோண்டுது, தண்ணி வந்தா உள்ளயே கிடந்து சுத்தும்" என்றார் பரிசல்காரர். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரிதான். 200 கோடி வருஷத்துக்கும் மேல் பழைய பாறை அது, வெறும் தண்ணீர் மட்டும் அதை இப்படிக் குடைந்துவிடாது, சுழலில் சிக்கிய கல்லும் மணலும்தான் அரைக்கின்றன.

அப்புறம் அந்த அரைத்த தூள் எங்கே போகும் என்ற யோசனை என்னை விடவே இல்லை. மலையை விட்டு இறங்கி வாட்டம் குறையக் குறைய ஆற்றுக்கு இழுத்துப்போகும் வேகம் போய்விடும், கனமான மணலை முசிறி, குளித்தலைப் பக்கமே போட்டுவிட்டு நைசான வண்டலைத்தான் கீழே கொண்டுபோகும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, அதற்குக் கீழே வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து, வெள்ளத்துக்கு வெள்ளம் பரப்பிய மண்தான் தஞ்சாவூர், நாகப்பட்டினம் வயல்கள். மேலே கரைந்த மலை கீழே நிலமாகியிருக்கிறது, இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை.

ஆனால் ஒகேனக்கல்லுக்குக் கொஞ்சம் கீழேயே மேட்டூர் அணை. 1934-லிருந்து தண்ணீர் திறந்தால் வருகிறது, மணலும் வண்டலும் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடுகிறது. அணை இல்லாமல் குறுவை இல்லை, சரி. மேலிருந்து வரவேண்டிய மணல் வராத ஆற்றில், கிடக்கிற மணலையும் லாரி லாரியாக அள்ளுவதைத்தான் தாங்க முடியவில்லை. படுகை தாழ்ந்தால் கரை சரியும், பாலத்தின் அஸ்திவாரம் வெளியே வரும், பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கும்.

கொள்ளிடக் கரையில் குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ஆறு எவ்வளவு கரையைத் தின்றிருக்கிறது, எதிர்க்கரையில் திட்டு ஏதாவது புதிதாக ஏறியிருக்கிறதா?