வி.எல்.எஃப்: ஆஸ்திரேலியாவின் 19.8 கிலோஹெர்ட்ஸ் வரவே மாட்டேங்குது, வீட்டு இரைச்சல்தான் வருது – உதவி தேவை

கம்பிச்சுருள் (மதுரை):

எல்லாருக்கும் வணக்கம். எச்.எஃப்-ல (சிற்றலை ரேடியோ) கொஞ்ச நாள் கேட்டுக்கிட்டிருந்தேன், இப்ப வி.எல்.எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ) பக்கம் ஆசை வந்திருக்கு. மேற்கு ஆஸ்திரேலியா எக்ஸ்மவுத்துல இருக்கிற என்.டபிள்யூ.சி கடற்படை நிலையம் 19.8 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மெகாவாட் அனுப்புது. அந்தச் சிக்னலோட பலம் நாள் முழுக்க எப்படி ஏறி இறங்குதுன்னு பதிவு பண்ணணும். சூரியன்ல ஃப்ளேர் வெடிச்சா அதுல தெரியும்னு படிச்சதுலேர்ந்து தூக்கம் போச்சு.

செஞ்சிருக்கிறது: பிவிசி பைப் சட்டத்துல 80 செ.மீ. பக்கம் உள்ள சதுர லூப் ஆன்டெனா, 60 சுற்று, 26 கேஜ் எனாமல் கம்பி. மல்டிமீட்டர்ல 20 ஓம் காட்டுது, எங்கயும் அறுந்து போகல. அதுக்கு அடுத்து என்.ஈ.5534 ஐசி போட்ட ப்ரீஆம்ப் (சிக்னலை முதல்ல பெருக்குற சர்க்யூட்), 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுது. அங்கேயிருந்து லேப்டாப்போட மைக் ஜாக். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங், எந்த அதிர்வெண்ல எவ்வளவு சிக்னல்னு திரையில காட்டுற ஸ்பெக்ட்ரம் லேப் மென்பொருள்.

வர்றது: கீழேயிருந்து மேல வரைக்கும் 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு, சீப்புப் பல் மாதிரி. 18க்கும் 19க்கும் நடுவுல தடியா ஒரு கோடு, அது பாம்பு மாதிரி நெளியுது. முதல்ல அதுதான் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்துல இருக்கிற நம்ம கடற்படை நிலையம் வி.டி.எக்ஸ், 18.2-ன்னு நினைச்சேன். 19.8-ல சுத்தமா ஒண்ணுமில்லை. இன்னொரு ஸ்டேஜ் ஆம்ப்ளிஃபையர் சேர்த்தா எல்லாம் சேர்ந்து ஏறுதே தவிர புதுசா ஒண்ணும் முளைக்கல. கெயின் (பெருக்கம்) பத்தலையா? இல்லை லூப்பைப் பெருசாக்கணுமா?

டயல்_திருகி:

எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல குத்துற ரேடியோ) ஒண்ணு வாங்கிப் போடுங்க ப்ரோ. சவுண்ட் கார்டை வச்சு என்ன பண்ண முடியும்.

அம்மீட்டர் அண்ணாச்சி (தூத்துக்குடி):

தம்பி டயல்_திருகி, நீங்க சொல்ற சாதாரண டாங்கிளோட ட்யூனர் 24 மெகாஹெர்ட்ஸ்லதான் ஆரம்பிக்கும். இவரு கேக்குறது 19.8 கிலோஹெர்ட்ஸ். 48 கிலோஹெர்ட்ஸ்ல சாம்பிள் எடுக்கிற சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பார்க்கும், இந்த வேலைக்கு அதுவே ரேடியோ. உலகம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க சூப்பர்சிட்னு ஸ்டான்ஃபோர்டுக்காரங்க கொடுத்த ஏற்பாட்டை வச்சு சவுண்ட் கார்டுலதான் ஃப்ளேர் பிடிக்கிறாங்க.

கம்பிச்சுருள் தம்பி, உங்க லூப் போதும். கெயினைக் கூட்டாதீங்க, முதல்ல அந்த ரெண்டாவது ஸ்டேஜைக் கழட்டுங்க. வி.எல்.எஃப்-ல சிக்னல் பத்தாமப் போறது அபூர்வம். வீட்டுக்குள்ள இருக்கிற சத்தம் சிக்னலை மூடிக்கிட்டிருக்கும். அப்ப கெயின் கூட்டினா சத்தத்துக்குத்தான் சாப்பாடு போடுறோம்.

நெளியிற கோடு வி.டி.எக்ஸ் இல்லவே இல்லை. கடற்படை நிலையங்கள் அனுப்புறது எம்எஸ்கே மாடுலேஷன் (அதிர்வெண்ணை லேசா மாத்தி மாத்தித் தகவல் அனுப்புற முறை), வினாடிக்கு 200 பிட். திரையில அது கோடா வராது, ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு மேடா வரும், இம்மி நகராது. அனுப்புறவன் அணுக்கடிகாரத் துல்லியத்துல அனுப்புறான், அவன் சிக்னல் எதுக்கு நெளியணும்? நெளியுதுன்னா உங்க வீட்டு சாமான்தான். ஒண்ணு கேக்குறேன், ஹால்ல பிஎல்டிசி ஃபேன் இருக்கா?

கம்பிச்சுருள்:

மூணு இருக்கு அண்ணாச்சி! கரண்ட் பில் குறையும்னு போன வருஷம்தான் எல்லாத்தையும் மாத்தினோம்.

அம்மீட்டர் அண்ணாச்சி:

பிடிச்சாச்சு. அந்த ஃபேனுக்குள்ள மோட்டாரை ஓட்டுற ட்ரைவர் போர்டு காதுக்குக் கேக்காத வேகத்துல ஸ்விட்ச் ஆகும். பல போர்டுல அது 15லேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸுக்குள்ள வந்து உக்காந்துக்கும், நமக்கு வேணும்கிற இடத்துலயே. திரையைப் பாத்துக்கிட்டே ரிமோட்ல ஒவ்வொரு ஃபேனா அணைங்க. அதுக்கப்புறம் எல்ஈடி பல்பு, டிவியோட செட்டாப் பாக்ஸ், செல் சார்ஜர், இன்வெர்ட்டர். வெறுமனே ஸ்விட்சை அணைக்கிறதை விட, யாரையாவது கீழ நிக்க வச்சு மெயினையே அஞ்சு நிமிஷம் இறக்கச் சொல்லுங்க. லேப்டாப் பேட்டரியிலதான் ஓடணும், சார்ஜர் குத்தியிருக்கக் கூடாது.

அந்த 12 வோல்ட் அடாப்டரைத் தூக்கி எறிங்க. ரெண்டு 9 வோல்ட் பேட்டரி போதும்.

டி_லேயர்:

அண்ணாச்சி சொன்னதோட இன்னொண்ணு. லேப்டாப் மைக் ஜாக்ல ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், நாய்ஸ் சப்ரஷன்னு விண்டோஸ் தானாப் போட்டு வச்சிருக்கும். அது என்ன பண்ணும்னா, மாறாம ஒரே அளவுல வர்ற சத்தத்தையெல்லாம் "இது ஏசி இரைச்சல்"னு எண்ணி வழிச்சு எடுத்துரும். இருபத்து நாலு மணி நேரமும் மாறாம வர்றதுதானே என்.டபிள்யூ.சி? அது உள்ள வந்தாலும் மென்பொருள் கைக்குப் போகாது. ஃபேன் கோடு நெளியிறதால தப்பிச்சிருக்கு. சவுண்ட் செட்டிங்ஸ் போய் எல்லாத்தையும் அணைங்க, ஏஜிசி (கெயினைத் தானா மாத்துறது) இருந்தா அதையும்.

முடிஞ்சா லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கிருங்க. மைக் ஜாக்ல எலக்ட்ரெட் மைக்குக்காக ஒரு டிசி வோல்டேஜ் வேற வந்துக்கிட்டிருக்கும், நடுவுல கெபாசிட்டர் இல்லாம உங்க ப்ரீஆம்ப் அவுட்புட்டை அதுல சொருகுறது நல்லதில்ல. இன்னும் சொல்லப்போனா, 1:1 ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு நடுவுல போட்டா லேப்டாப் எர்த்தும் லூப் எர்த்தும் பிரிஞ்சுரும். சீப்புப் பல் பாதி கொட்டிரும்.

ரிசீவருக்கு உயிர் இருக்கான்னு பார்க்க நிலையம் எதுவும் வேண்டாம். ஸ்பீக்கரைப் போட்டுக் கேளுங்க. டிக், பட்பட்னு பொரியிற சத்தம் வரணும். எங்கேயோ அடிக்கிற மின்னல் அது, ஸ்ஃபெரிக்ஸ்னு சொல்லுவாங்க. ராத்திரியில சில டிக் "ட்டியூக்"னு வாலோட முடியும், 1.7 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல தேஞ்சு நிக்கும். பூமிக்கும் அயனமண்டலத்துக்கும் நடுவுல இருக்கிற 85, 90 கிலோமீட்டர் இடைவெளி அந்த வாலை உண்டாக்குது. ஸ்பீக்கர்ல டிக் கூட இல்லைன்னா சாதனத்துல கோளாறு. டிக் இருந்து நிலையம் இல்லைன்னா வீட்டு இரைச்சல் இல்லை மென்பொருள். விசிலர் (மின்னலால வர்ற, விசில் மாதிரி இறங்குற ஓசை) கேக்கணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க, காந்த நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்துல உக்காந்துக்கிட்டு அதை எதிர்பார்க்க முடியாது.

மலர்_மின்னணு:

லூப்பை எங்க வச்சிருக்கீங்கன்னு யாரும் கேக்கலையே. மொட்டை மாடித் தளத்துல கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டிருக்கும், அது மேல அப்படியே சாய்ச்சு வச்சா பலன் குறையும். ஈபி சர்வீஸ் வயர் எந்தப் பக்கம் வீட்டுக்குள்ள வருதோ அதுக்கு எதிர் மூலையில, ஒரு ஸ்டூல் மேல நிக்க வைங்க. ப்ரீஆம்ப் லூப் பக்கத்துலயே இருக்கட்டும், கீழே கொண்டு வர லேன் கேபிளோட ஒரு முறுக்கு ஜோடி போதும்.

திசையும் முக்கியம். லூப்போட தட்டையான முகம் நிலையத்தைப் பார்த்தா சிக்னல் செத்துப் போகும், விளிம்பு பார்க்கணும். மதுரையிலேர்ந்து எக்ஸ்மவுத் ஏறக்குறைய தென்கிழக்கு, 5,300 கிலோமீட்டர். விஜயநாராயணம் தெற்கே, கொஞ்சம் மேற்கு தள்ளி, 175 கிலோமீட்டருக்குள்ள.

எங்க தெருவுல நான் பண்ணினதைச் சொல்றேன்: ஈபி மாதாந்திர ஷட்டவுன் அறிவிப்பு வந்தா அன்னைக்குத்தான் அளவெடுப்பேன். தெருவே அமைதியா இருக்கும். ஆனா பக்கத்து வீட்டுல பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தா அன்னைக்குத்தான் திருவிழா, அதையும் பார்த்துக்குங்க.

கம்பிச்சுருள்:

எல்லாரும் சொன்னதைச் செஞ்சு பார்த்தேன். முதல்ல ஃபேன். பெட்ரூம் ஃபேனை அணைச்ச அந்த நொடியே நெளியிற கோடு காணாமப் போச்சு, ஸ்பீடு மாத்தினா கோடு கொஞ்சம் இடம் மாறுது. அம்மாவுக்கு அந்த ஃபேன் இல்லாம முடியாது, அதனால பதிவை மாடிக்கே கொண்டு போயிட்டேன். அடாப்டரை எடுத்துட்டுப் பேட்டரி போட்டதும் சீப்புப் பல்லு முக்கால்வாசி கரைஞ்சிருச்சு.

நாய்ஸ் சப்ரஷன் உண்மையிலேயே ஆன்லதான் இருந்துச்சு. அதை அணைச்சதும் 18.2-ல மேடு, அண்ணாச்சி சொன்ன அதே 200 ஹெர்ட்ஸ் அகலம், அசையல. லூப்பைத் தென்கிழக்காத் திருப்பினேன், 19.8-லயும் மெல்லிசா ஒண்ணு எந்திரிச்சு நின்னுச்சு. லூப்பை முக்கால் வட்டம் சுத்திப் பார்த்தேன், மலர் மேடம் சொன்ன மாதிரியே ஒரு திசையில மூழ்கி மறுபடி வருது. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

இப்ப வேற சந்தேகம். தினமும் சாயங்காலம் நாலு, நாலரை மணிக்கு 19.8-ஓட அளவு இறங்குது, ஏறுது, மறுபடி இறங்குது. ஆறரைக்கு மேல ஒரு நிலைக்கு வந்துடுது. மாடியில வெயில், ப்ரீஆம்ப் சூடாகிறதாலயா? 18.2 அந்த அளவுக்கு ஆடல.

டி_லேயர்:

ப்ரீஆம்பைத் தொடாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. சூடு காரணம்னா 18.2-ம் சேர்ந்து ஆடியிருக்கணும்.

எக்ஸ்மவுத் உங்களுக்கு 36 பாகை கிழக்கே இருக்கு. உங்க கடிகாரத்துல நாலு மணி சுமாருக்கு அங்க சூரியன் மறையுது, உங்களுக்கு மறைய ஆறு, ஆறரை ஆகும். அந்த ரெண்டரை மணி நேரமும் இரவு-பகல் எல்லை இந்தியப் பெருங்கடல் மேல உங்களைப் பார்த்து ஊர்ந்து வருது. பகல்ல சிக்னல் 70 கிலோமீட்டர் சுமார் உயரத்துல, அயனமண்டலத்தோட கீழ் அடுக்கான டி அடுக்குல பட்டுத் திரும்பும். இரவுல அந்த அடுக்கு கலைஞ்சு, திரும்புற உயரம் 85, 90-க்குப் போயிடும். பாதை பாதி பகலும் பாதி இரவுமா இருக்கிறப்ப, எல்லையில அலை பரவுற விதம் (மோட்) ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறும். அந்த மோட்கள் ஒண்ணையொண்ணு கூட்டும், சில இடத்துல கழிக்கும். கழிக்கிற நேரம்தான் உங்க பள்ளம். காலையிலயும் இதே கதை, உங்க கடிகாரத்துல நாலு மணி வாக்குல அங்க விடியிறப்ப ஆரம்பிக்கும். சீக்கிரம் எழுந்தா பாருங்க.

விஜயநாராயணம் பக்கத்துல இருக்கிறதால தரையலைதான் பெரும்பங்கு, அதனால அது ஆடாது. ஃப்ளேர் பார்க்க உங்களுக்கு 19.8-தான் சரியான ஆளு. பகல்ல சட்டுனு சில நிமிஷத்துல ஏறி, அரை மணி, ஒரு மணி நேரம் மெதுவா வழிஞ்சு இறங்கினா அது ஃப்ளேர். உறுதி பண்ண அமெரிக்காவோட கோஸ் செயற்கைக்கோள் எக்ஸ்-கதிர் வரைபடத்தை நோவா இணையதளத்துல அதே நேரத்துக்குப் பாருங்க. ராத்திரியில தெரியாது, சூரியன் நம்ம பாதை மேல இருக்கணும். நாள் முழுக்க திடீர்னு தட்டையா கீழே கிடந்தா பதறாதீங்க, பராமரிப்புக்காக நிலையத்தையே நிறுத்துறதுண்டு.

டயல்_திருகி:

கேட்டது தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. நாமளே இதுல அனுப்ப முடியாதா? ஒரு மெகாவாட்டெல்லாம் வேணுமா?

அம்மீட்டர் அண்ணாச்சி:

நல்ல கேள்விதான் தம்பி. 8.27 கிலோஹெர்ட்ஸ்ல ஐரோப்பாவுல அமெச்சூர் ஆளுங்க அனுப்பிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதோட அலைநீளம் 36 கிலோமீட்டர். கால் அலை ஆன்டெனாவே 9 கிலோமீட்டர், எந்த ஊர்ல நட்டு வைக்கிறது? அதனால பட்டம் விட்டாங்க! 2010-ல ஜெர்மனியில ஒருத்தர் பட்டத்துல கம்பியைக் கட்டி மேல ஏத்தி 8.97-ல அனுப்பினார். பெட்டிக்குள்ள நூத்துக்கணக்கான வாட் கொட்டினாலும் வானத்துக்குப் போறது மைக்ரோவாட், மில்லிவாட் கணக்குதான். ஆனாலும் பிற்பாடு அட்லாண்டிக்கைத் தாண்டியும் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு வித்தை ரெண்டு. ஒண்ணு, ஜிபிஎஸ்-ஓட நொடித்துடிப்பை வச்சு சவுண்ட் கார்டோட கடிகாரத்தைக் கட்டிப் போடுறது. அடுத்தது, ஒரே சின்னச் செய்தியை மணிக்கணக்கா அனுப்பி அத்தனையையும் கூட்டிப் பார்க்கிறது. எப்நாட்னு அதுக்குன்னே ஒரு குறியீட்டு முறை இருக்கு.

இங்க அனுப்பணும்னா டபிள்யூபிசி (ரேடியோ உரிமம் கொடுக்கிற மத்திய அரசுப் பிரிவு) உரிமம் என்ன சொல்லுதோ அதுதான். கேக்காம ஒரு வாட் கூட விடாதீங்க, அதுவும் கடற்படை நிலையம் இருக்கிற மாநிலத்துல. வர்ற சிக்னல்ல என்ன எழுதியிருக்குன்னும் தோண்ட வேண்டாம், அது மறையாக்கம் செஞ்சது, நமக்கு வேணும்கிறது அதோட பலம் மட்டும். கேக்கிறதுலயே வேடிக்கை நிறைய இருக்கு. ஸ்வீடன்ல க்ரிமெட்டன்னு ஒரு பழைய நிலையம், 1920-கள்ல கட்டினது, ட்ரான்சிஸ்டரும் கிடையாது வால்வும் கிடையாது, சுழலுற ஆல்டர்னேட்டரே 17.2 கிலோஹெர்ட்ஸை உண்டாக்குது. யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வழக்கமா மோர்ஸ்ல அனுப்புவாங்க. மதுரையில கிடைக்கிறது கஷ்டம், ஆனா கஷ்டம்னு யாராச்சும் சொன்னாத்தானே நமக்குக் கை ஊறும்.

கம்பிச்சுருள்:

சரி அண்ணாச்சி, கடைசியா ஒண்ணு. 19.8 மெல்லிசாத்தான் இருக்கு. லூப்புக்கு ஒரு கெபாசிட்டர் போட்டு ட்யூன் பண்ணலாமா? எவ்வளவு மதிப்பு?

மலர்_மின்னணு:

நீங்க கொடுத்த அளவை வச்சுக் கணக்குப் போட்டா லூப் 8 மில்லிஹென்றி சுமார் வரும். அதுக்கு 19.8-ல 7.8 நானோஃபாரட் கிட்ட. 6.8-ம் 1-ம் பேரலலாப் போட்டுப் பாருங்க, கம்பிச் சுற்றுக்குள்ளேயே கொஞ்சம் கெபாசிட்டன்ஸ் இருக்கிறதால கடைசியில அந்த 1 நானோவைக் குறைக்க வேண்டி வரும். சின்ன செராமிக் டிஸ்க் வேண்டாம், மாடி வெயில்ல மதிப்பு ஓடும், அப்ப நிஜமாவே சூட்டால ஏறி இறங்கும். ஃபிலிம் கெபாசிட்டர் கேட்டு வாங்குங்க, பாலிப்ரொப்பிலீன் கிடைச்சா விசேஷம். 20 ஓம் லூப்புல க்யூ (ட்யூனிங்கோட கூர்மை அளவு) 50 வரைக்கும் போகும், அவ்வளவு கூர்மை ஆகாது. மேல ஒரு 22 கிலோஓம் ரெசிஸ்டர் பேரலலாப் போட்டா 15-க்கு இறங்கிடும்.

ட்யூன் பண்ணிட்டா 18.2 கொஞ்சம் மங்கும், அது ரெண்டும் வேணும்னா கெபாசிட்டர் இல்லாமயே விட்டுருங்க. போட்டதும் ஒரு முழு நாள் வரைபடத்தை இங்க ஏத்துங்க, பெட்ரூம் ஃபேன் ஓடினப்ப ஒண்ணு, ஓடாதப்ப ஒண்ணு.