கைனேஸுக்குத் தமிழில் என்ன? (நாளைக்குள் தேவை)

வணக்கம். உதவித்தொகையுடன் கூடிய முனைவர் பட்ட ஆய்வு வாய்ப்பு ஒன்றின் அறிவிப்பைத் தமிழாக்குகிறேன். உயிர்வேதியியல் துறை. புற்றுநோயில் கட்டுமீறும் கைனேஸ்கள் என்ற நொதிகளும் (என்சைம்) அவற்றின் தடுப்பிகளும் ஆய்வுப்பொருள். நொதி, தடுப்பி பழகிய சொற்கள். கைனேஸுக்கு 'இயக்குநொதி' எனலாமா?

*

'இயக்கு' கிரேக்க வேரின் நிழல். இந்நொதி செய்யும் வேலை வேறு: உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு மூலக்கூறில் ஏற்றுகிறது. ஆகவே 'பாஸ்பேட்டேற்றி'. பாஸ்பேட்டை நீக்கும் நொதியான பாஸ்படேஸ் 'பாஸ்பேட்டிறக்கி' ஆகிவிடும். ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. இகர விகுதி வினைமுதற்பொருளில் வந்தது. சோடியாகப் படிக்கும் மாணவர் மறக்கவே மாட்டார்.

*

கிரந்த எழுத்து எதற்கு? வடசொல்லுக்கே வடவெழுத்தை நீக்கச் சொன்னது தொல்காப்பியம். ஈழத்தார் 'பொசுபேற்று' என எழுதுவதைப் பாருங்கள். 'பொசுபேற்றேற்றி' என்றே வைப்போம். 1877-இல் ஜெர்மானிய உடலியலாளர் கூனே உண்டாக்கிய என்சைம் என்ற சொல்லின் பொருள் 'புளிப்புமாவுக்குள்'. நாமும் நொதித்தலிலிருந்து நொதியை எடுத்தோம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

*

ஐயா, ஆய்வகத்தில் இருப்பவள் சொல்கிறேன். புற்றுநோயில் அதிகம் பேசப்படும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் ஒரே நேரத்தில் ஏற்பியும் (receptor), டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸும். 'ஏற்பி டைரோசின் ஏற்றி' என்று எழுதினால் ஓரெழுத்தில் பொருள் கவிழும். இமாட்டினிப் என்ற கைனேஸ் தடுப்பி 2001-இல் மருந்தாக ஒப்புதல் பெற்ற நாளிலிருந்து இத்துறையில் எல்லார் வாயிலும் கைனேஸ்தான். விண்ணப்பிக்க வேண்டிய பெண் அந்தச் சொல்லைத்தான் தேடுவாள். அது கண்ணில் படாவிட்டால் வாய்ப்பே அவளுக்குத் தெரியாமல் போகும்.

*

ஏற்பி 'ஏல்' வேரிலிருந்து, ஏற்றி 'ஏறு' வேரிலிருந்து. நீர் இறைக்கும் ஏற்றமும் பின்னதுதான். வேர் தெரிந்தால் குழப்பமில்லை.

*

வேர் தெரிந்தாலும் சிக்கல் உண்டு. 'ஏற்றிச் செயல்படுகிறது' வினையெச்சம், 'ஏற்றி செயல்படுகிறது' பெயர். ஒரு 'ச்'சை நம்பியா அறிவியல் எழுதுவது? 'ஏற்றுநொதி' என்றால் இந்தத் தொல்லை இல்லை.

*

நன்றி. நேரமாகிவிட்டது. பெரும்பாலோர் விருப்பப்படி முதல் இடத்தில் மட்டும் 'கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றுநொதி)', பிறகு கைனேஸ் என்று அனுப்புகிறேன்.

*

அடைப்புக்குறிக்குள் தமிழா? மாற்றிப் போடுங்கள். பொசுபேற்றை நான் இன்னும் கைவிடவில்லை.