மறு: ‘கன உலோக அழுத்த எதிர்ப்புத்திறன்’ – சரியா?

> பிராசினோஸ்டீராய்டு, சாலிசிலிக் அமிலம் ஆகிய தாவர ஹார்மோன்களைக் கொடுத்தால் பயிர் காட்மியம், குரோமியத்தைச் சமாளிப்பது பற்றி எழுதுகிறேன். ‘ஹெவி மெட்டல் ஸ்ட்ரெஸ் டாலரன்ஸ்’ என்பதற்குக் ‘கன உலோக அழுத்த எதிர்ப்புத்திறன்’ என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா,

‘கன உலோகம்’ நிலைத்துவிட்ட சொல், அப்படியே இருக்கட்டும். ‘எதிர்ப்புத்திறன்’ மட்டும் வேண்டாம்.

விவசாயிகள் இதைப் பிரித்தேதான் பேசுகிறார்கள்: வறட்சியைத் தாங்கும் ரகம், குலைநோய்க்கு எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம். எதிர்ப்பு என்றால் உள்ளே விடாது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். காட்மியமோ இரும்பும் மாங்கனீசும் போகிற வழியிலேயே வேருக்குள் நுழைந்துவிடுகிறது. செடி தன்னிடமுள்ள குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்து ஃபைட்டோகெலேட்டின் என்ற சங்கிலியைச் செய்து, அதில் காட்மியத்தைப் பிணைத்து செல்லுக்குள் பை மாதிரி இருக்கும் வாக்குவோலுக்குள் தள்ளுகிறது. திருடனை விரட்டாமல் வீட்டு அறையிலேயே போட்டுப் பூட்டுவது மாதிரி. நீங்கள் சொல்லும் பொருள்களைத் தெளித்தால் கேட்டலேஸ், பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் கூடி, செல் சிதைவது குறையும். இலை பச்சையாக நிற்கும். உலோகம் ஏறுவதே குறைந்த சோதனைகளும் உண்டு. ஆனால் இலையின் பச்சையைப் பார்த்து தானிய மணி சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் கழிவின் காட்மியம் அரிசிக்குள் போனது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிந்து முறிந்தது. அந்த ‘இதாய்-இதாய்’ நோய்க்குக் காரணம் காட்மியம்தான் என்று அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. ‘எதிர்ப்புத்திறன் தரும் மருந்து’ என்று நாம் எழுதப்போய், அதை நம்பி ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியம் கலந்த மண்ணில் யாராவது கீரை போட்டால்? எனக்கு அந்தப் பயம்தான்.

‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு ‘அழுத்தம்’ பொருந்தாது; அது வேர் அழுத்தம், விறைப்பழுத்தம் என்று தாவரவியலில் முன்பே இடம்பிடித்த சொல். ‘தகைவு’ இயற்பியலுக்குப் போய்விட்டது. ‘நெருக்கடி’ என்றால் யாருக்கும் புரியும். ஆக, என் பரிந்துரை: பாதிப்புக்கு ‘கன உலோக நெருக்கடி’, பயிரின் குணத்துக்கு ‘கன உலோகத் தாங்குதிறன்’. உலோகத்தை உள்ளே விடாமலோ, வேரைத் தாண்டி மேலே ஏறவிடாமலோ தடுக்கும் குணத்துக்கு ‘விலக்குதிறன்’ என்று தனியாக ஒன்று வேண்டும்.

அப்புறம், இந்த வகைப் பொருள்களுக்குப் பொதுவாக வழங்கும் ‘வளர்ச்சி ஊக்கி’ என்ற பெயர். அப்சிசிக் அமிலமும் ஒரு தாவர ஹார்மோன்தான், ஆனால் ஊக்குவதில்லை. இலைத்துளைகளை மூடி நீர் ஏறுவதைக் குறைக்கிறது. அதோடு தண்டுக்குப் போகும் காட்மியமும் குறைகிறது. இங்கே அடக்குவதால்தான் பயன். ‘வளர்ச்சிச் சீராக்கி’ என்றால் இரண்டும் அடங்கும்.

---

> ‘வளர்ச்சிச் சீராக்கி’ என்றால் இரண்டும் அடங்கும்.

உரக்கடையில் இதெல்லாமே ‘டானிக்’தான் அம்மா. டப்பாவிலும் துண்டறிக்கையிலும் ‘வளர்ச்சி ஊக்கி’ என்றே அச்சடிக்கிறார்கள். ‘சீராக்கி’ என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் ‘வளர்ச்சி ஊக்கி எனப்படும் வளர்ச்சிச் சீராக்கி’ என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை. தாங்குதிறனுக்கு என் ஆதரவு.

---

இருவருக்கும் நன்றி. தாங்குதிறன், விலக்குதிறன் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். எந்தச் சோதனையில் எது கூடியது என்று பிரித்து எழுத இப்போதுதான் வழி கிடைத்தது. மணியில் உலோக அளவு பார்க்காத சோதனைகளுக்குத் ‘தாங்குதிறன்’ என்று மட்டும் போடுகிறேன். மண்ணையும் விளைச்சலையும் ஆய்வகத்தில் பரிசோதிப்பது பற்றி ஒரு பத்தியும் சேர்க்கிறேன்.