ஆலயத்தில் முன்வரிசை யாருக்கு? யாக்கோபு 2 பற்றி ஒரு கேள்வி

வடசென்னை வாசகி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று முன்வரிசை பெஞ்சுகளுக்கு ரிப்பன் கட்டிவிடுகிறார்கள், கட்டட நிதிக்குப் பெரிய தொகை கொடுத்த குடும்பங்களுக்காம். காது மந்தமான ஒரு வயதான விதவை அம்மா எப்போதும் அங்கேதான் உட்காருவார், பிரசங்கம் கேட்க வேண்டுமே. இந்த வருஷம் "பின்னாடி போங்கம்மா" என்று கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். அவர் இருந்த குடிசைப் பகுதியைக் காலி செய்து, தெற்கே துரைப்பாக்கம் பக்கத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கு அனுப்பிய பிறகும் பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தவர். அன்றைக்கு அப்புறம் வரவே இல்லை. கமிட்டியில் ஒருவரிடம் கேட்டால், "கனம்பண்ண வேண்டியவனைக் கனம்பண்ணச் சொல்லி ரோமர் 13:7-ல் இருக்கிறதே" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

பழைய பெஞ்சு:
சிஸ்டர், அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். அது அரசாங்கத்தைப் பற்றியது, அந்த வசனமே வரியையும் தீர்வையையும் கொடுக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. சபையில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதற்கு யாக்கோபு 2 நேரடியாகவே பேசுகிறது: பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை கட்டினவனுக்குக் காலடி. இது பாவம் என்று 9-ம் வசனம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுகிறது. நம் ஊருக்கும் இது புதிதில்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விடச் சொல்லி எழுதினபோது தஞ்சாவூரிலும் இங்கே வேப்பேரியிலும் அவ்வளவு எதிர்ப்பு வந்தது. தனித்தனியாக உட்காருவதை விடமாட்டோம் என்று சபையை விட்டே போனவர்கள் இருந்தார்கள்.

மடிப்பாக்கம் அண்ணன்:
பிரதர் சொன்னது சரிதான், ஆனால் கொடுத்தவர்களைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். ரிப்பன் கட்டச் சொல்லி அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். லேவியராகமம் 19:15-ல் பெரியவன் முகத்துக்கு அஞ்சாதே என்பதோடு, நியாயத்தில் ஏழை என்பதற்காகவும் ஒருபக்கம் சாயாதே என்று இருக்கிறது. காது கேட்காதவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் முன்வரிசை, மற்றதெல்லாம் வருகிறவர்கள் வருகிறபடி. இப்படி வைத்தால் யாருக்கும் வருத்தம் வராது.

ஓ.எம்.ஆர் அக்கா:
எனக்கு ரிப்பனைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. அந்த அம்மா வரவில்லை, யாருமே போய்ப் பார்க்கவில்லையா? பல சபைகளில் ஏரியா ஜெபக்கூட்டம் பழைய தெருக்கணக்கில்தான் ஓடுகிறது. பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்கள் எந்த ஏரியாவிலும் வருவதில்லை, அதனால் யார் பொறுப்பிலும் இல்லை. அப்போஸ்தலர் 6-ல் நடந்தது இதேதான். கிரேக்கம் பேசின விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உதவி பங்கிடுவதில், விட்டுப்போனார்கள். முறுமுறுப்பு வந்ததும் அப்போஸ்தலர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டு நகரவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள், ஸ்தேவான், பிலிப்பு என்று அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் விட்டுப்போனார்களோ அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது பாருங்கள்! உங்கள் கமிட்டியில் கண்ணகி நகர்க்காரர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம், நீங்கள் சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றால், ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்கு அவர்கள் வீட்டுக்கே ஆயர் போய்த் திருவிருந்து (நற்கருணை) கொடுக்கும் வழக்கம் உண்டு, அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

வடசென்னை வாசகி:
நன்றி அக்கா. கமிட்டியில் அப்படி ஒருவரும் இல்லை. அடுத்த கூட்டத்தில் எழுதியே கொடுக்கப்போகிறேன். அதுவரை காத்திருக்காமல் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் பெண்கள் ஐக்கியத்தில் இன்னொரு அக்காவும் போய் அவரைப் பார்க்கிறோம். அவர் பிளாக் நம்பர் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. துரைப்பாக்கம் பக்கத்துச் சபைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.